இடையூறு என்று கை தூக்கிய பிறகு: சாஃப்ட்பால் நடுவர்கள் கலந்து பேசும் முறை

சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கத் தொடங்கியவருக்கு, பிட்சர் (பந்து வீசுபவர்) வீசியது பாலா (தவறான வீச்சு), ஸ்ட்ரைக்கா (அடித்திருக்க வேண்டிய வீச்சு) என்று சொல்வது சில வாரங்களில் பழகிவிடும். அவுட், சேஃப் கூட அப்படியே. ஆனால் ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த ரன்னர் ஒருவர் பந்தை எடுக்கப் போன ஃபீல்டரை உரசிச் செல்வார். நீங்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவீர்கள். அடுத்த நொடி மைதானம் முழுக்க உங்களைத்தான் பார்க்கும். அடிக்கும் அணியின் பயிற்சியாளர் வேகமாக நடந்து வருவார். சக நடுவர் அறுபது, எழுபது அடி தள்ளி நிற்பார். அவரிடம் போக வேண்டுமா, போனால் என்ன கேட்பது, அவர் வேறு விதமாகச் சொன்னால் என்ன செய்வது என்று மனம் தடுமாறும். அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நடுவர்கள் கூடிப் பேசுவது, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்ப்பதற்காக நடப்பதில்லை. தீர்ப்புச் சொன்னவர், தான் பார்க்காமல் விட்ட ஒரு தகவலை, அதைப் பார்த்த ஒருவரிடம் கேட்டு வாங்குகிறார். அவ்வளவுதான். கேட்டு முடித்த பிறகும் தீர்ப்பு அவருடையதுதான். ஒரு நடுவர் தன் பொறுப்புக்குள் சொன்ன முடிவை மற்றொருவர் தானாக மாற்ற முடியாது என்பதையும், கருத்துக் கேட்டவரே இறுதி முடிவு சொல்வார் என்பதையும் விதிகளே தெளிவாகச் சொல்கின்றன. பிளேட் (பேட்டர் அடிக்க நிற்கும் இடம்) பின்னால் நிற்பவர் மூத்தவர், பேஸ் (ரன்னர்கள் வரிசையாகத் தொட்டு ஓடும் இடம்) அருகே நிற்பவர் புதியவர் என்றாலும் இது மாறாது.

இரண்டு சொற்கள், இரண்டு கைகள்

அடிக்கும் அணியைச் சேர்ந்த யாரேனும், அவுட் செய்ய முயலும் ஃபீல்டரைத் தடுத்தாலோ, தடங்கல் செய்தாலோ, குழப்பினாலோ அது இன்டர்ஃபியரன்ஸ். இங்கே அதை இடையூறு என்று எழுதுகிறேன். பந்து கையில் இல்லாத, அடித்த பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாத ஃபீல்டர், ரன்னரின் ஓட்டத்தைக் கெடுத்தால் அது அப்ஸ்ட்ரக்ஷன். அதை வழிமறிப்பு என்கிறேன். இந்த இரண்டையும் பயிற்சியாளர்களே மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நீங்கள் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

சைகையும் வேறு வேறு. இடையூறு என்றால் பெரும்பாலும் பந்து அந்த நொடியே செத்துவிடும், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும். இரண்டு கைகளையும் உயர்த்தி ‘டெட் பால்’ என்று உரக்கச் சொல்லவேண்டும். வழிமறிப்பு என்றால் ஆட்டம் தொடரும். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மூடி, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே மோதலுக்கு ஒரு நடுவர் இரு கை தூக்கி, இன்னொருவர் இடக்கை நீட்டி நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அடித்த பந்தை எடுக்கும் ஃபீல்டருக்கு ரன்னர் இடையூறு செய்தார் என்று சொல்ல, அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பது தேவையில்லை. “நான் பார்க்கவே இல்லை சார், தெரியாமல் இடித்துவிட்டேன்” என்று அந்த ரன்னர் கண்கலங்கிச் சொன்னாலும் அவுட் அவுட்தான். ஆனால் எறிந்த பந்தில் வரும் இடையூறு, ஒரு ஃபீல்டர் மீது பட்டுத் திசை மாறிய பந்தில் வரும் இடையூறு ஆகியவற்றில் ரன்னரின் நோக்கம் பற்றிய கேள்வி வரும். எதற்கு எந்த அளவுகோல் என்பது நீங்கள் நிற்கும் போட்டி எந்த விதிப்புத்தகத்தைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்தது. உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பின் விதிகளும் அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளின் விதிகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. பையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே பாருங்கள்.

ஆட்டத்துக்கு முன் பேசவேண்டியது

மைதானத்தில் இரண்டு நிமிடம் நன்றாகப் பேச, வண்டி நிறுத்திய இடத்தில் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். அங்கே மூன்று விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்து இடையூறு யாருடைய பொறுப்பு? உதவி தேவைப்பட்டால் எப்படி அழைப்பது? ஒருவர் சொன்னது விதிப்படியே தவறு என்று மற்றவருக்கு உறுதியாகத் தெரிந்தால் அதை எப்படித் தெரிவிப்பது?

இரண்டு நடுவர் நிற்கும் ஆட்டங்களே நமக்கு அதிகம் கிடைக்கும். அதில் முதல் பேஸை நோக்கி ஓடும் பாதையைப் பிளேட் நடுவர் பார்ப்பார்; கோட்டின் நேர்பார்வை அவருக்குத்தான் இருக்கிறது. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) எறியும்போது பேட்டர் குறுக்கே சாய்ந்தாரா என்பதும் அவருடையது. முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவிலும், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவிலும் நடப்பது பெரும்பாலும் பேஸ் நடுவருடையது. பந்து ரன்னர் மீது பட்டதா என்பதை மட்டும் யார் பார்த்தாலும் சொல்லலாம்.

கடைசிக் கேள்விக்கு எங்கள் பழக்கம் இது. சக நடுவர் ஒரு விதியைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், நான் தொப்பியின் விளிம்பைத் தொட்டபடி அவர் கண்ணைப் பார்ப்பேன். அவர் விரும்பினால் என்னிடம் வருவார். நானாக நடந்து போய் அவர் காதில் சொல்ல மாட்டேன். கேட்காமல் போய் நின்றால் அந்த நடுவரின் பேச்சுக்கு அன்று முழுவதும் மதிப்பிருக்காது.

கை தூக்கும் நொடி

டெட் பால் என்று சொல்லிவிட்டால் அந்த ஆட்டத் துண்டு முடிந்தது. பிறகு நீங்கள் தவறு என்று தெரிந்தாலும், ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். எறிய வேண்டியவர் எறியவில்லை. எனவே பார்த்ததை மனம் ஒரு முறை ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் பொறுங்கள். ஒரு சிறு மூச்சு விடும் நேரம் போதும். அதற்கு மேல் தாமதித்தால், விளைவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னதாக எல்லோரும் நினைப்பார்கள்.

கை தூக்கியபடியே பேஸ்களைப் பாருங்கள். பிட்ச் வீசப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு ரன்னரும் எந்தப் பேஸில் இருந்தார், இடையூறு நடந்த நேரத்தில் எந்தப் பேஸைத் தொட்டு முடித்திருந்தார் என்ற இரண்டு படங்களும் உங்கள் தலையில் இருக்க வேண்டும். சில இடையூறுகளுக்கு விதி முதல் படத்தைக் கேட்கும், சிலவற்றுக்கு இரண்டாவதை. பிறகு, இடது கையில் இருக்கும் எண்ணியைப் பார்த்து பால், ஸ்ட்ரைக், அவுட் கணக்கை மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு “கணக்கு என்ன சார்?” என்று ஸ்கோரர் கேட்கும்போது விழித்து நிற்பது, தீர்ப்பைவிடப் பெரிய அவமானமாகிவிடும்.

பயிற்சியாளர் வரும்போது

வரட்டும். நீங்கள் எதிர்கொண்டு நடக்காதீர்கள், பின்வாங்கவும் வேண்டாம். அவர் டைம் (ஆட்டத்தைச் சற்று நிறுத்த அனுமதி) கேட்டு வாங்கிக்கொண்டு, தீர்ப்புச் சொன்ன நடுவரிடம்தான் வரவேண்டும். உங்களைத் தாண்டி உங்கள் சக நடுவரிடம் போனால், அவர் “முடிவு சொன்னது அவர், அவரிடம் கேளுங்கள் சார்” என்று திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் பேசக் கூடாது.

கேள்வியை முழுதாகக் கேளுங்கள். கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு தகவல் இருக்கும். “எப்படி சார் அவுட் கொடுத்தீர்கள்?” என்பதில் தகவல் இல்லை. “பந்து பிட்சர் கையுறையில் பட்டுத்தானே திரும்பியது?” என்பதில் இருக்கிறது. முதல் வகைக்கு, நீங்கள் பார்த்ததை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்: “பந்தை எடுக்க ஷார்ட்ஸ்டாப் குனிந்தார், உங்கள் ரன்னர் அவர் தோளில் இடித்தார்.” (ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்.) நீட்டினால் அந்த நீளமே புது வாதத்துக்கு இடம் கொடுக்கும். இரண்டாம் வகைக் கேள்வி வந்தால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அதை நான் பார்த்தேனா?

போவதா, வேண்டாமா

முழுவதும் பார்த்திருந்தால் போக வேண்டாம். பயிற்சியாளர் வற்புறுத்துகிறார் என்பதற்காகப் போனால், அடுத்த ஆறு இன்னிங்ஸிலும் இரு பக்கமும் உங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். “எனக்கு நன்றாகத் தெரிந்தது, யாரிடமும் கேட்கத் தேவையில்லை” என்று பணிவாகச் சொல்லுங்கள்.

போக வேண்டிய நேரங்கள் இவை: ஒரு ஆட்டக்காரரின் முதுகு உங்கள் பார்வையை மறைத்தது; மோதலைப் பார்த்தீர்கள், ஆனால் அதற்கு முன் பந்துக்கு என்ன ஆனது என்று பார்க்கவில்லை; பார்த்தது உறுதி, அதற்கு எந்த விதி என்பதில் ஐயம்; நீங்களும் சக நடுவரும் எதிரெதிராகச் சைகை காட்டிவிட்டீர்கள். கடைசிச் சூழலில் கேட்பதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை, உடனே கூடிப் பேசியாக வேண்டும்.

போவது என்று முடிவு செய்தால் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். “நீங்கள் கேட்ட ஒன்றை நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்டு வருகிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள்.” இதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்ட நடுவரைப் பயிற்சியாளர்கள் மதிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே நிற்பது, எப்படிப் பேசுவது

எல்லோரிடமிருந்தும் விலகிய இடமாகப் பாருங்கள். பிட்சர் வட்டத்துக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நிற்பது வழக்கம். இரு அணி இருக்கைகளுக்கும் அது தூரம். ஃபீல்டர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அருகில் வருவார்கள். கையால் சைகை செய்து அனுப்பிவிடுங்கள். ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ நீங்கள் பேசும் இடத்துக்கு அருகே வரவே கூடாது.

என் முதல் ஆண்டில், ஒரு கல்லூரி மைதானத்தில், இதைப் பாடமாகவே கற்றுக்கொண்டேன். நான் பேஸ் நடுவர். மூத்தவர் ஒருவர் பிளேட் பின்னால். என் தீர்ப்பைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் தணிந்த குரலில் விளக்க விளக்க, நான் வீட்டில் அம்மாவிடம் பேசுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நம் தலையாட்டல் நமக்கே தெரியாது. ஆனால் எழுபது அடி தூரத்தில் இருந்த பயிற்சியாளருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் முடிவைச் சொல்ல வாயைத் திறக்கும் முன் அவர் தன் ரன்னரைப் பேஸுக்குத் திரும்பப் போகச் சொல்லிவிட்டார். முடிவு அதுவல்ல. மூத்தவர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறேன் என்பதற்காக நான் ஆட்டியதை, ஒப்புக்கொள்கிறேன் என்று பயிற்சியாளர் படித்துவிட்டார். அதைச் சரிசெய்யக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆனது. அன்று முதல், கூடிப் பேசும்போது கைகளை இடுப்புக்கு மேல் தூக்குவதில்லை, விரலால் எந்தப் பேஸையும் காட்டுவதில்லை, தலையை அசைப்பதே இல்லை. பிளேட் நடுவராக இருந்தால் முகக்கவசத்தைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொள்கிறேன். பிறகு அறிவிக்க வலது கை வெறுமையாக இருக்கும்.

பேச்சின் வரிசையும் முக்கியம். தீர்ப்புச் சொன்னவர் முதலில் பேச வேண்டும். தான் பார்த்தது என்ன, எதனால் கை தூக்கினார், எது தெரியவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி. “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் ஒரு கருத்தாகத்தான் வரும். “பந்து ரன்னர் மேல் படும் முன் பிட்சர் தொட்டாரா?” என்று கேளுங்கள். அதற்கு மூன்று பதில்தான் உண்டு: தொட்டார், தொடவில்லை, நான் பார்க்கவில்லை.

மூன்றாவது பதிலைச் சொல்லும் துணிச்சலே நல்ல துணை நடுவருக்கு அடையாளம். நண்பர் சிக்கலில் நிற்கிறாரே என்று இரக்கப்பட்டு, பாதி பார்த்ததை முழுதாகப் பார்த்ததாகச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவியே இல்லை. ஐயம் இருந்தால் “எனக்கு உறுதியில்லை” என்றே சொல்லுங்கள். முதல் தீர்ப்பு நிற்கும்.

ஒரு சம்பவத்தை முழுதாகப் பார்ப்போம்

ஒரு அவுட். இரண்டாம் பேஸில் ரன்னர். பேஸ் நடுவர் ஷார்ட்ஸ்டாப்புக்குப் பின்னால் சற்று ஒதுங்கி நிற்கிறார். பேட்டர் அடித்த பந்து பிட்சரின் கால் பக்கமாகத் தரையோடு பாய்கிறது. பிட்சர் கையுறையைக் கீழே விடுகிறார். பந்து ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி வருகிறது. மூன்றாம் பேஸுக்கு ஓடத் தொடங்கிய ரன்னரின் கெண்டைக்காலில் பட்டு நிற்கிறது. பேஸ் நடுவர் கை தூக்கி ‘டெட் பால்’ என்கிறார். ரன்னர் அவுட் என்கிறார்.

அவர் பார்த்ததை மட்டும் வைத்தால் தீர்ப்பு சரி. எந்த ஃபீல்டரும் தொடாத, பிட்சரைத் தவிர வேறு எந்த இன்ஃபீல்டரையும் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) கடக்காத பந்து, பேஸை விட்டு வெளியே இருக்கும் ரன்னர் மீது பட்டால் அவர் அவுட். பேட்டருக்கு முதல் பேஸ். ஆனால் பிட்சர் கையுறையில் பட்டுத் திசை மாறிய பந்து, தவிர்க்க வழியில்லாமல் ரன்னர் மீது பட்டிருந்தால் அவர் அவுட் இல்லை. பந்தும் உயிரோடுதான் இருக்கும். ஒரு விரல் அகலம் தோல் பட்டதா இல்லையா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பேஸ் நடுவருக்குத் தெரிந்தது பிட்சரின் முதுகு மட்டும். பிளேட் நடுவருக்கு நேர் எதிரே அந்தக் கையுறை.

பயிற்சியாளர் கேட்கிறார். பேஸ் நடுவர் வந்து பிளேட் நடுவரிடம் பேசுகிறார்.

“பந்து ரன்னர் காலில் பட்டதைப் பார்த்தேன். வேண்டுமென்று காலை நீட்டவில்லை. பிட்சர் தொட்டாரா என்று தெரியவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். கையுறையின் நுனியில் பட்டது. நேராக நடுவே போயிருக்க வேண்டிய பந்து, இடப்பக்கம் திரும்பியது. உறுதி.”

“சரி. அப்படியானால் அவுட் இல்லை. நான் மாற்றுகிறேன்.”

மொத்தம் பதினைந்து நொடி. கடினமான பகுதி இனிமேல்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டோமே, ரன்னர்களை எங்கே வைப்பது? தீர்ப்பு மாறியதால் ஒரு அணி பாதிக்கப்படும்போது அந்த நிலையைச் சரிசெய்ய விதி நடுவர்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் எப்படி என்று பேஸ் பேஸாக எழுதித் தரவில்லை, தரவும் முடியாது. கை தூக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் இருவரும் யோசிக்க வேண்டும். பந்து காலடியில் நின்றுவிட்டது. பேட்டர் முதல் பேஸை நெருங்கிவிட்டார். எனவே பேட்டர் முதல் பேஸில். காலில் அடி வாங்கிய ரன்னர் மூன்றாம் பேஸை எட்டியிருப்பாரா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாம் பேஸுக்கே அவரைத் திருப்பி அனுப்புவேன். உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய பேஸை மட்டும் கொடுங்கள், அதற்கு மேல் ஊகத்துக்குப் பேஸ் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

தடுக்கும் அணியின் பயிற்சியாளர் வந்து, “நீங்கள் டெட் பால் என்றதால்தான் சார் எங்கள் பிள்ளைகள் பந்தை எடுக்காமல் நின்றார்கள்” என்பார். அவர் சொல்வது உண்மை. அதை உண்மை என்று ஒப்புக்கொண்டு, என்ன பார்த்தோம், எதனால் மாற்றினோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒரே மோதல், இரண்டு சைகை

முதல் பேஸில் ரன்னர். பந்து முதல் பேஸ் ஃபீல்டருக்கும் இரண்டாம் பேஸ் ஃபீல்டருக்கும் நடுவே உருள்கிறது. இருவருமே அதற்கு ஓடுகிறார்கள். ரன்னர் முதல் பேஸ் ஃபீல்டர் மீது மோதுகிறார். ஒரு நடுவருக்கு இடையூறு, மற்றவருக்கு வழிமறிப்பு.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி மோதலைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பந்தை எடுத்து அவுட் செய்ய வாய்ப்புள்ளவராக எந்த ஃபீல்டர் இருந்தார்? அடித்த பந்து விஷயத்தில் விதியின் பாதுகாப்பு ஒரே ஒரு ஃபீல்டருக்குத்தான். பந்து இரண்டாம் பேஸ் ஃபீல்டருடையது என்றால், முதல் பேஸ் ஃபீல்டர் வெறுமனே வழியில் நின்றவர். மோதல் வழிமறிப்பு ஆகிவிடும். இதில் பேஸ் நடுவருக்குத்தான் அருகிலிருந்த பார்வை. எனவே பிளேட் நடுவர், தான் பந்தின் பாதையில் பார்த்ததைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விட்டுவிட வேண்டும்.

இடையூறு என்றே முடிவானால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இரட்டை அவுட்டைத் தடுக்கத் தெளிவாக முயன்றாரா? ஆம் என்றால் அவருக்கு அடுத்து வரும் ரன்னரும் அவுட். இதைக் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள். ஒரு அவுட் என்று அறிவித்துவிட்டு, எதிரணிப் பயிற்சியாளர் நினைவூட்டிய பிறகு இரண்டாவதைச் சேர்த்தால், கேட்டதால் கொடுத்ததாகவே தெரியும்.

முதல் பேஸுக்குப் போகும் பட்டை

அதிகம் சண்டை வரும் இடம் இது. ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வரை 60 அடி. அதில் கடைசி 30 அடிக்கு, ஃபவுல் கோட்டுக்கு (ஆட்ட எல்லைக் கோடு) வெளியே 3 அடி அகலத்தில் ஒரு பட்டை வரைந்திருப்பார்கள். பேட்டர் அதற்குள் ஓடவேண்டும். வெளியே ஓடினாலே அவுட் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படியில்லை. வெளியே ஓடி, முதல் பேஸில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ஃபீல்டருக்கு இடையூறு செய்தால்தான் அவுட். அடித்த பந்தை எடுக்கும் ஃபீல்டரைத் தவிர்க்க வெளியே விலகியிருந்தால் குற்றமே இல்லை.

எனவே இங்கே மூன்று தகவல் சேரவேண்டும்: கால் பட்டைக்கு முழுதாக வெளியே தரையில் பட்டதா, எறிதல் பிடிக்கக்கூடியதாக இருந்ததா, பிடிப்பவருக்கு உண்மையில் தடங்கல் வந்ததா. முதலாவதைப் பிளேட் நடுவர் கோட்டின் பின்னாலிருந்து பார்ப்பார். பின்னிரண்டையும் பேஸ் நடுவர் பக்கத்திலிருந்து நன்றாகப் பார்த்திருக்கக்கூடும். கூடிப் பேச இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு குறைவு. மண்ணில் இருக்கும் காலடியைக் காட்டி வாதாடுவார்கள். நான்காவது இன்னிங்ஸ் வருவதற்குள் சுண்ணாம்புக் கோடே பாதி அழிந்து, அங்கே இரு அணியின் காலடிகளும் கலந்து கிடக்கும். அதைக் குனிந்து பார்க்கவே பார்க்காதீர்கள்.

பேஸ்பாலிலும் இதே பட்டை உண்டு. 2019 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில், ஹூஸ்டனில், ஏழாவது இன்னிங்ஸில் வாஷிங்டன் அணியின் ட்ரே டர்னர் இந்த விதிப்படி அவுட் கொடுக்கப்பட்டார். ஆட்டம் நான்கு நிமிடத்துக்கும் மேல் நின்றது. வீடியோ பார்த்து மாற்றக்கூடிய வகைத் தீர்ப்பாக அது இல்லை. நடுவர்கள் காதுக்கருவியோடு நின்றுகொண்டிருந்தார்கள்; எதற்காக என்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அணியின் மேலாளர் பிறகு கோபம் தணியாமல் வெளியேற்றப்பட்டார். வாஷிங்டன் அந்த ஆட்டத்தை 7–2 என்று வென்றதால் தீர்ப்பு முடிவைக் கெடுக்கவில்லை. 2024 முதல் அமெரிக்க பேஸ்பால் பெருந்தொடர்கள் அந்தப் பட்டையை உள்பக்கப் புல்தரை விளிம்புவரை அகலப்படுத்திவிட்டன. அந்த நான்கு நிமிடத்தை நான் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுவதுண்டு. என்ன பேசுகிறோம் என்று ஒரு வாக்கியம் இரு அணிக்கும் சொல்லப்படாவிட்டால், நிமிடத்துக்கு நிமிடம் சூடு எப்படி ஏறுகிறது என்பதை அதில் பார்க்கலாம். சாஃப்ட்பாலில் வெள்ளை, ஆரஞ்சு என்று இரட்டைப் பேஸ் இருப்பதால் ஓடுபவருக்கு ஃபவுல் பக்கமாகவே தொட ஒரு பேஸ் கிடைக்கிறது. நம் வேலை அந்த அளவுக்கு எளிது.

அறிவிப்பது

முதலில் தீர்ப்புச் சொன்ன அதே நடுவர்தான் இறுதி முடிவையும் சொல்லவேண்டும். சக நடுவர் சொன்ன தகவலால் மாறியிருந்தாலும் அவர் வாயால் வரக் கூடாது. “அவர் சொல்கிறார், அதனால் மாற்றுகிறேன்” என்பதும் கூடாது.

கூட்டத்தை விட்டு இரண்டு மூன்று அடி முன்னே வந்து, நின்று, தெளிவான சைகையோடு உரக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ரன்னரையும் விரல் நீட்டிக் காட்டி எந்தப் பேஸ் என்று சொல்லுங்கள். இப்போது கை தூக்கலாம். சக நடுவர் அதற்குள் மற்றப் பக்கத்து ரன்னர்களை நகர்த்திக்கொண்டிருப்பார்.

அடுத்து, யாருக்கு முடிவு பாதகமோ அந்தப் பயிற்சியாளரிடம் முதலில் போங்கள். அரை நிமிடம் போதும். நேரமிருந்தால் இருவரையும் ஒன்றாக அழைத்துச் சொல்வது இன்னும் நல்லது. ஒரே சொற்களை இருவரும் கேட்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டாவது கூட்டம் கிடையாது. நீங்கள் முடிவு சொன்னதும் மறு அணி வந்து “இப்போது எங்களுக்காகக் கேளுங்கள்” என்றால், “இருவரும் பார்த்ததைச் சேர்த்துத்தான் சொன்னேன் சார்” என்று சொல்லி உங்கள் இடத்துக்குப் போங்கள்.

எதிர்ப்பு மனு கொடுத்தால்

ரன்னர் ஃபீல்டரைத் தொட்டாரா, தடங்கல் செய்தாரா என்பது நடுவரின் கண்ணுக்கு உரிய முடிவு. அதை எதிர்த்து மனுக் கொடுக்க முடியாது. “பிட்சர் தொட்ட பந்து என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், பிறகும் அவுட் என்கிறீர்கள்” என்றால் அது விதியைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய கேள்வி. அதற்கு மனு உண்டு. வித்தியாசத்தைப் பயிற்சியாளருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். விதி பற்றியதென்றால் அவரைத் தடுக்காதீர்கள். அது அவருடைய உரிமை.

மனு அடுத்த பிட்ச் வீசப்படும் முன் வரவேண்டும். உங்கள் திருத்தத்துக்கும் அதே எல்லைதான். பிட்சர் கையிலிருந்து அடுத்த பந்து புறப்பட்டுவிட்டால், அந்தப் பிட்ச் முறையானதோ முறையற்றதோ, முந்தையதைத் தொட முடியாது. ஆகவே மனதில் ஏதேனும் உறுத்தினால், பிட்சர் வட்டத்துக்குள் கால் வைக்கும் முன் டைம் சொல்லிக் கூடிப் பேசுங்கள்.

மனு வந்தால் பிளேட் நடுவர், எதிரணிப் பயிற்சியாளருக்கும் ஸ்கோரருக்கும் தெரிவித்துவிட்டு, இன்னிங்ஸ், அவுட் எண்ணிக்கை, பால்–ஸ்ட்ரைக் கணக்கு, எந்தப் பேஸில் யார், என்ன தீர்ப்பு, எந்த விதி என்று எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவைக்கவேண்டும். பெரிய போட்டிகளில் தலைமை நடுவர் மைதானத்திலேயே இருப்பார். அவரிடம் இந்தக் குறிப்போடு போனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் எப்போதும் இருக்கட்டும். வியர்வையில் பேனா மை பரவிவிடும், பென்சில் எழுத்து அழியாது.